சோளன் எவ்வளவு வரும்? திருகோணமலைச் செய்கையாளர்களின் கேள்விகளும் பதில்களும்

பெரும்போகச் சோளன் கதிர் நுனியில் நூல் விட்டு மணி பிடிக்கிற நேரம். வந்த கேள்விகளில் முக்கால்வாசி விளைச்சல் கணக்கைப் பற்றியவை.

தம்பலகாமத்திலிருந்து: ஐயா, அறுவடைக்கு ரெண்டு மாதம் கிடக்கேக்கையே நாட்டில் இத்தனை தொன் வரும் எண்டு எப்பிடிச் சொல்லுறாங்கள்?

பரப்பையும் விளைச்சலையும் பெருக்கித்தான். பரப்பு விபரம் ஊர் மட்டத்தில் விவசாயப் போதனாசிரியர், கமநல சேவை நிலையம் என்று திரண்டு மேலே போகிறது. ஆனால் 'பரப்பு' என்று மூன்று வேறு எண்கள் இருக்கின்றன: போகம் தொடங்க முன் இலக்கு, பிறகு ஊன்றிய பரப்பு, கடைசியில் அறுவடைப் பரப்பு. செய்தியில் வருகிறது எது என்று பார்க்காமல் நம்பக்கூடாது. யானையும் காட்டுப்பன்றியும் புகுந்த துண்டு ஊன்றிய கணக்கில் இருக்கும், அறுவடைக் கணக்கில் இராது.

விளைச்சல்தான் சிக்கல். பயிர் முழங்கால் உயரம் நிற்கும்போது பழைய போகங்களின் சராசரியை விட்டால் வேறு வழியில்லை. 2021 இல் இரசாயனப் பசளையைத் தடை செய்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தாலும் பசளை நேரத்துக்கு வயலுக்கு வரவில்லை. அந்தப் பெரும்போகச் சோளன் விளைச்சல் படுத்துவிட்டது. அப்படியான வருசத்தில் சராசரி ஒன்றுக்கும் உதவாது.

கிண்ணியாவிலிருந்து: சேர், எங்கட துண்டுக்கு நாங்களே எண்ணிப் பார்க்க ஏலுமா?

தாராளமாக. நூல் விட்டு மூன்று கிழமை கழித்து, மணியை நகத்தால் குத்தினால் பால் வருகிற பருவத்தில் எண்ணுங்கள். அதற்கு முன் எண்ணினால் நுனி மணிகள் பிறகு கருகிக் கணக்கைப் பொய்யாக்கும்.

வரிசைக்கு வரிசை 60 சென்ரிமீற்றர் என்றால் ஒரு வரிசையில் 6.75 மீற்றர் அளந்து கயிறு பிடியுங்கள். அது ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. (வரிசை இடைவெளி 75 என்றால் 5.4 மீற்றர்.) அதற்குள் மணி பிடித்த கதிர்களை எண்ணுங்கள். பிறகு ஒவ்வொரு ஐந்தாவது கதிராக உரியுங்கள். பெரிய கதிரைத் தேடிப் போகவேண்டாம், எல்லாரும் விடுகிற பிழை அதுதான். கதிரைச் சுற்றி எத்தனை மணிவரிசை என்று பாருங்கள். 12, 14, 16 என்று இரட்டைப்படையாகத்தான் வரும். 13 வந்தால் திரும்ப எண்ணுங்கள். ஒரு வரிசையில் நீளவாக்கில் எத்தனை மணி என்றும் எண்ணுங்கள். அடியிலும் நுனியிலும் உள்ள சொத்தி மணிகளை விட்டுவிடலாம்.

20 கதிர், உரித்தவற்றில் சராசரியாக 14 வரிசை, வரிசைக்கு 28 மணி என்று வையுங்கள். 14 × 28 = 392. 392 × 20 = 7,840. இதை 0.3 ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு 2,352 கிலோ. ஆயிரம் மணி 300 கிராம் நிறுக்கும் என்ற கணக்கு அது. மணி முற்றுகிற காலத்தில் மழை விட்டுவிட்டால் 0.25 போடுங்கள்: 1,960 கிலோ. இரண்டையும் எழுதி வையுங்கள், உண்மை இடையில் எங்கேயோ நிற்கும். வரம்போரத்தை விட்டு உள்ளே, குறைந்தது ஐந்து இடத்தில் எண்ணிச் சராசரி எடுக்கவேண்டும்.

மூதூரிலிருந்து: படைப்புழு இலையெல்லாம் சல்லடையாக்கிட்டு. பாதிதான் வருமா?

இலையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 2018 இல் இந்தப் புழு நாட்டுக்குள் வந்த நேரம் பலர் இலை ஓட்டையைப் பார்த்தே விளைச்சல் கணக்குப் போட்டார்கள். நட்டம் மூன்று இடத்தில்தான் வரும்: குருத்து செத்த செடி, மகரந்தம் விழ முன் நூலை அரித்த கதிர், துளைத்துப் பூஞ்சணம் பிடித்த கதிர். நூறு செடியில் இவை எத்தனை என்று எண்ணுங்கள். புழுவையும் சரிபாருங்கள்: தலையில் கவிழ்த்த கவட்டை (தலைகீழ் Y) அடையாளம், வால்பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி.

குச்சவெளியிலிருந்து: பூத்த நேரம் ஒரு கிழமை அடைமழை. மணி பிடிச்சிருக்குமா?

கதிரை ஒடித்து, நூல் அறாமல் மடலை மெதுவாக உரித்து, நுனியைக் கீழே பிடித்து உதறுங்கள். கருக்கட்டிய மணியின் நூல் கழன்று விழும், கட்டாததன் நூல் ஒட்டிக்கொண்டு நிற்கும். பாதிக்கு மேல் நின்றால் இரண்டு நாள் விட்டு வேறு கதிரில் திரும்பப் பாருங்கள்.

சீனன்குடாப் பண்ணையிலிருந்து: கோழித்தீன் விலைக்காக அமெரிக்க அறிக்கை பார்க்கிறேன். புசல் கணக்கு குழப்புது.

நம்மூர் நெல்லுப் புசல் 46 இறாத்தல், கிட்டத்தட்ட 21 கிலோ. அவர்களுடைய சோளப் புசல் 56 இறாத்தல், 25.4 கிலோ. 2024 இல் அங்கே ஏக்கருக்கு ஏறத்தாழ 179 புசல், அதாவது 4,500 கிலோ சொச்சம். வாராந்தப் பயிர் முன்னேற்ற அறிக்கை ஏப்ரல் முதல் நவம்பர் வரை அங்கே திங்கள் பின்னேரம் வரும். நமக்கு அப்போது செவ்வாய் விடியப்புறம். எத்தனை வீதம் ஊன்றியாச்சு, நூல் விட்டாச்சு, முற்றியாச்சு என்பது அதில் உருப்படியான பகுதி. 'நல்லது, மிக நல்லது' என்ற தரப்படுத்தல் வயலைப் பார்த்தவர்களின் அபிப்பிராயம்தான், அளந்த விளைச்சல் அல்ல. அங்கே விலை விழுந்தவுடன் இங்கே தீன் மலிந்துவிடாது. இறக்குமதி அனுமதிப்பத்திரமும் ரூபாயின் பெறுமதியும் இடையில் நிற்கின்றன.

கந்தளாயிலிருந்து: வியாபாரி ஈரம் எண்டு நூறு கிலோவுக்கு 15 கிலோ கழிக்கிறார். சரியோ?

ஈரப்பதன் எவ்வளவு என்று கேளுங்கள். 22 வீத ஈரத்திலுள்ள 100 கிலோ 14 வீதத்துக்குக் காய்ந்தால் 100 × 78 ÷ 86, அதாவது 90.7 கிலோ. கழிவு 9.3 கிலோதான். 15 கிலோ கழிக்கவேண்டுமானால் ஈரம் 27 வீதம் இருக்கவேண்டும். மணியின் அடிநுனியைச் சுரண்டினால் மணி முற்றியதைக் காட்டும் கறுப்புப் படை தெரிகிற நாளிலேயே முறித்த சோளனில் 30 வீதத்துக்கு மேலும் இருக்கும், அப்போது வியாபாரியைக் குறை சொல்ல முடியாது.

ஈரம் அளக்கிற மானி இல்லாவிட்டால் காய்ந்த போத்தலில் மூன்றில் ஒரு பங்குக்கு மணியும் ஒரு பிடி நன்றாகக் காயவைத்த உப்பும் போட்டு, மூடி, ஒரு நிமிடம் குலுக்கிக் கால் மணித்தியாலம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் 15 வீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் சாக்கில் கட்டலாம்.