திரைப்படங்களில் வரும் பழைய ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக வானொலி வழியே பிறரோடு பேசுவோர் பயன்படுத்தும் கருவி) என்ன மாடல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் டயலைப் பாருங்கள். படப்பிடிப்புக்காகப் பெயர்த்தகட்டைக் கழற்றிவிடலாம், பெட்டிக்கு வேறு நிறம் அடிக்கலாம், குமிழ்களைக்கூட மாற்றலாம். டயலின் அமைப்பை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல.

நேஷனல் நிறுவனத்தின் எச்.ஆர்.ஓ. ரிசீவரையே (சிக்னலை வாங்கிக் கேட்க மட்டும் உதவும் செட்) எடுத்துக்கொள்ளுங்கள். 1930-களின் நடுவில் வந்தது. முகப்பின் நடுவே பெரிய வட்டக் குமிழ், அதன் விளிம்பில் குட்டி ஜன்னல்கள், அவற்றில் 0 முதல் 500 வரை எண்கள் ஓடும். அலைவரிசை அதில் இருக்காது. கீழே இழுப்பறை மாதிரி ஒரு காயில் (கம்பிச்சுருள்) பெட்டி இருக்கிறதே, அதன் முகப்பில் உள்ள வரைபடத்தைப் பார்த்துத்தான் அலைவரிசையைக் கணக்கிட வேண்டும். வேறு பேண்டு (அலைவரிசைத் தொகுதி) வேண்டுமென்றால் பெட்டியையே உருவிவிட்டு இன்னொன்றைச் செருக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் எதிரிகளின் செய்திகளை ஒட்டுக்கேட்க பிரிட்டன் இதை ஏராளமாகப் பயன்படுத்தியது. அதனால் போர்ப் படம் ஒன்றில் இது தென்பட்டால் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

இரண்டு அரைவட்ட டயல்கள் அருகருகே இருந்தால், 1940-இல் வந்த ஹாலிகிராஃப்டர்ஸ் எஸ்.எக்ஸ்.-28 ஆக இருக்கலாம்.

அப்புறம், அது ரிசீவரா, சிக்னலை அனுப்பும் டிரான்ஸ்மிட்டரா என்று பாருங்கள். 2000-இல் வந்த 'ஃப்ரீக்வென்சி' படத்தில் 1969-இல் இருக்கும் அப்பாவும் முப்பது ஆண்டு கழித்து வாழும் மகனும் ஒரே செட்டில் பேசிக்கொள்வார்கள். அது ஹீத்கிட் எஸ்.பி.-301. காலத்துக்குப் பொருத்தமான செட்தான், ஆனால் வெறும் ரிசீவர். பேசுவதற்கு எஸ்.பி.-401 போன்ற டிரான்ஸ்மிட்டர் தனியாக வேண்டும். இது தெரிந்தும் அந்தக் காட்சிகள் என்னை ஒவ்வொரு முறையும் கலங்கடிக்கின்றன.

செட் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதற்கு டயல் விளக்கை நம்ப வேண்டாம், அதற்கு மட்டும் தனியாக மின்சாரம் கொடுத்திருக்கலாம். சிக்னல் மீட்டரின் முள்ளைக் கவனியுங்கள். குரல் வரும்போது அது அசைய வேண்டும். வால்வு (வெற்றிடக் குழாய்) செட் என்றால் சுவிட்சைப் போட்ட நொடியிலேயே குரல் வராது, வால்வுகள் சூடாக வேண்டும்.

மாடலை உறுதிப்படுத்த, படத்தை நிறுத்தி அந்தக் காட்சியைச் சேமித்துக்கொண்டு, பழைய விளம்பரப் படங்களோடு ஒப்பிடுங்கள். குமிழ்களின் எண்ணிக்கையும் இடமும் ஒத்துப்போனால் சரி. பிறகு அது விற்பனைக்கு வந்த ஆண்டைக் கதை நடக்கும் ஆண்டோடு வைத்துப் பாருங்கள்.