கோவாச் சாமிமார்

அன்புள்ள ஐயா,

எங்கள் பங்கு ஆண்டு மலருக்கு, யாழ்ப்பாணத்தில் துறவற சபைகளின் பணி பற்றி எழுதுகிறேன். 1847-ல் அமலமரித் தியாகிகள் வந்து மறைப்பணியைத் தொடங்கினார்கள் என்று ஆரம்பித்திருக்கிறேன். சரிதானே? அவர்களுடைய பள்ளிக்கூடம், பத்திரிகை பற்றி எங்கே தேடலாம்? அவர்கள் வந்தது வெள்ளைக்காரன் ஆட்சிக்கு உதவத்தான் என்கிறான் என் மகன். என்ன பதில் சொல்ல?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சரியில்லை. அந்த முதல் வரியை வெட்டுங்கள். அமலமரித் தியாகிகள் சபைக் குருவான செமேரியா சுவாமியும் தோழர்களும் வந்து இறங்கியபோது இங்கே கோவில் இருந்தது, சனம் இருந்தது, செபம் இருந்தது. அதுவரை அந்தச் சனத்தைத் தாங்கியது யார் என்று யோசிக்க வேண்டாமா? பங்கு மலரிலேயே இப்படி எழுதினால் எப்படி?

தாங்கியவர்கள் கோவாவிலிருந்து வந்த குருமார். கொஞ்ச நாளாக இந்தக் கோவாச் சாமிமார்தான் என் மனதில். 1658-ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள். ஒளித்து வைத்தால் மரணதண்டனை. 1687-ல் கோவாக் குருவான யோசவ்வாஸ் முனிவர் கூலியாள் வேடத்தில் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து வந்தார். வந்த கையோடு வயிற்றுளைச்சல். எழும்பி நடமாடத் தொடங்கியதும், கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். மாலையைக் கண்டு எந்த வீட்டில் முகம் மாறுகிறது என்று பார்க்கத்தான். பிறகு சில்லாலையில் ஒளிந்திருந்து இரவில் பூசை.

ஐரோப்பிய சபைகள் சுதேசிகளைச் சேர்க்கத் தயங்கியதால் கோவாக் குருமார் தாங்களே கூடி அமைத்தது ஒறற்றோரியன் சபை; வாஸ் அந்தச் சபைக்காரர். (அதிலும் பிராமண வழி வந்தவர்கள்தான் கூடினார்கள். அதையும் எழுதுங்கள், ஒளிக்காதீர்கள்.) அன்றைய யாழ்ப்பாணத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் நாலு நாள் தாங்கியிருக்க மாட்டார். இவர்களுக்கு நிறமே வேடம். கண்டியில் போர்த்துக்கேய ஒற்றன் என்று வாஸைச் சிறையில் போட்டார்கள். அதே கண்டியில் 1697-ல் அம்மை பரவியபோது நோயாளிகளைத் தூக்கித் துடைத்தவரும் அவர்தான்.

அப்புறம் சாங்கோபாங்க சுவாமி, அதாவது யாக்கோமே கொன்சால்வெஸ். அவரும் அதே சபைதான், 1705-ல் வந்தவர். என் அம்மம்மா எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் தபசுகாலத்தில் அவர் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் நூலை, எடுத்தால் இராகம் இழுத்துப் படிப்பார்; சிலுவையில் அறையும் இடத்தில் முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டுத்தான் அடுத்த வரி. எழுதியவர் கோவாக்காரர் என்று நான் சொன்னபோது, "போடா, இது எங்கட தமிழ்" என்றார்.

1834-ல் போர்த்துக்கல் துறவற சபைகளைக் கலைத்தது. அடுத்த வருடம் ஒறற்றோரியன் சபையின் கோவா மடமும் போயிற்று. வாரிசு இல்லாத சபைக்கு யார் மலர் போடுவது? 2015-ல் காலிமுகத்திடலில் பாப்பரசர் வாஸைப் புனிதராக்கினார், நாமும் படம் வாங்கி மாட்டினோம். அவருக்குத் துணையாக வந்த மற்றச் சாமிமாரில் ஒருவருடைய பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

பள்ளிக்கூடத்துக்குச் சம்பத்திரிசியார் கல்லூரியில் விசாரியுங்கள். பத்திரிகைக்கு 1876-ல் தொடங்கிய பாதுகாவலனின் பழைய இதழ்களைத் தேடுங்கள். மகனுக்குப் பதில் சொல்லப் போகாதீர்கள்; இந்த வயதில் அப்படிப் பேசாவிட்டால்தான் பயப்பட வேண்டும். கட்டுரையை அச்சுக்குக் கொடுக்க முன் எனக்கு ஒருமுறை அனுப்புங்கள். முதல் வரியை மட்டுமாவது பார்க்கிறேன்.