கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது

அன்புள்ள ஐயா,

பழைய நண்பர்கள் ஐவர் வாரந்தோறும் கூடுகிறோம். மற்றவர்கள் பணம் வைத்துச் சீட்டாடுவார்கள். நான் ஆடாமல் உடன் இருப்பேன். ஒவ்வொரு முறையும் ஜெபித்துவிட்டுத்தான் போவேன். ஆயினும் சில வாரங்களாக நானும் ஆடுகிறேன், பணமும் இழந்திருக்கிறேன். என் விசுவாசம் அவ்வளவு பலவீனமானதா? இயேசுவே பாவிகளோடு பந்தியிருந்தாரே, நான் நண்பர்களை விட்டு விலகுவது சரியாகுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

'ஜெபித்துவிட்டுத்தான் போவேன்' என்ற வரியில் சற்று நின்றுவிட்டேன். கர்த்தர் கற்றுத்தந்த ஜெபம் 'எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்' என்று கேட்கிறது. நானாகவே அதற்குள் நடந்து போகிறேன், அங்கே என்னைத் தாங்கிக்கொள்ளும் என்று கேட்கவில்லை. வாய் ஒன்றைக் கேட்கக் கால் வேறு பக்கம் போனால், குறை விசுவாசத்தின் அளவில் இல்லை.

நான்காம் நூற்றாண்டில், கிறிஸ்தவச் சிந்தனையாளர் அகஸ்டினின் நண்பர் அலிப்பியுஸ் சட்டம் பயில ரோமாபுரிக்குச் சென்றார். மனிதர் மனிதரைக் கொல்லும் அரங்க விளையாட்டுகளை அவர் வெறுத்தார். உடன் படித்தவர்கள் ஒருநாள் அவரை வலிந்து இழுத்துச் சென்றபோது, என் உடலைத்தான் அங்கே கொண்டுபோக முடியும், மனத்தை அல்ல என்று சொல்லி, அரங்கில் கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். காதுகளை மூடவில்லை. வீரன் ஒருவன் விழ, கூட்டம் ஆர்ப்பரிக்க, ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு அருவருத்து ஒதுக்கிவிடலாம் என்ற துணிச்சலில் கண் திறந்தவர், பிறகு அங்கிருந்து பார்வையை விலக்கவே இல்லை. பின்னாளில் பிறரையும் அழைத்துக்கொண்டு போகிறவராக அவர் மாறினார் என்றும், தேவனை நம்பாமல் தம்மையே நம்பியதுதான் அந்த வீழ்ச்சிக்குக் காரணம் என்றும் அகஸ்டின் எழுதுகிறார். (அதே அலிப்பியுஸ்தான் பிறகு தகாஸ்தே நகரின் ஆயரானார், ஆகவே மனம் தளர வேண்டாம்.)

முதலாம் சங்கீதம், தீயோரோடு நடவாமல், நில்லாமல், உட்காராமல் என்று வரிசைப்படுத்துகிறது. 'ஆடாமல் உடன் இருப்பேன்' என்று எழுதும்போதே நீங்கள் உட்கார்ந்தாயிற்று. எகிப்தில் அடிமையாயிருந்த யோசேப்போ தன் எஜமான் போத்திபாரின் மனைவிக்கு இணங்காதது மட்டுமல்ல, அவளுடனே இருக்கவும் சம்மதிக்கவில்லை என்று ஆதியாகமம் சொல்கிறது. அவள் பற்றிப்பிடித்த வஸ்திரத்தை விட்டுவிட்டு அவன் ஓடிய நாளைத்தான் நாம் பேசுகிறோம். அதற்கு முன்பே நாள்தோறும் அவன் காத்த இந்த விலகலைக் கவனிப்பதில்லை. ஞானம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இயேசு அமர்ந்த பந்தி வேறு. அது, வரி வசூலித்த ஆயத்துறையை விட்டு இயேசுவின் பின்னே எழுந்து வந்த லேவி வைத்த விருந்து. அந்த மேசையில் மாறியவன் லேவி. உங்கள் மேசையில் மாறியவர் நீங்கள். நண்பர்களைக் கைவிட வேண்டாம். சீட்டுக்கட்டு இல்லாத வேளையில், ஒவ்வொருவராக, வேறிடத்தில் சந்தியுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்டால் சாக்குச் சொல்லாமல் உள்ளதைச் சொல்லுங்கள். கேலி செய்வார்கள், ஓடிய யோசேப்புக்கும் முதலில் கிடைத்தது சிறைதான்.

இழந்ததை மீட்க ஒரே ஒரு முறை போகலாம் என்ற எண்ணம் இந்த வாரமே வரக்கூடும். வந்தால் அதனோடு தனியே மல்லுக்கட்டாமல், நீங்கள் நம்பும் ஒருவரிடம் அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.