எந்த டெலஸ்கோப் வாங்கலாம், எதை விற்கலாம்: வேலூர் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து கேட்டவர்களுக்கு ஒன்றாகப் பதில் எழுதுகிறேன். நான் காட்பாடியில் இருக்கிறேன். மொட்டை மாடியில் வானம் பார்ப்பதும், நண்பர்களின் டெலஸ்கோப்பைப் பிரித்துச் சரிசெய்து கொடுப்பதும் பல வருடப் பழக்கம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஆற்காட்டிலிருந்து ஒரு தந்தை: சார், என் பெண் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பிறந்தநாளுக்கு டெலஸ்கோப் கேட்கிறாள். "525 மடங்கு பெரிதாகத் தெரியும்" என்று ஆன்லைனில் ஒன்று மலிவாக இருக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம் சார். அந்த 525 எப்படி வருகிறது என்று சொல்கிறேன். டெலஸ்கோப்பின் குவியத் தூரம் 700 மி.மீ. அதை 4 மி.மீ. ஐபீஸால் (கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்) வகுத்தால் 175. அதோடு படத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸைச் செருகினால் 525. கணக்கு சரிதான். ஆனால் முன்னால் இருக்கும் லென்ஸின் அகலம் 70 மி.மீ. மட்டுமே. அகலத்தை மி.மீ. கணக்கில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருவதுதான் அதன் எல்லை. இதற்கு 140. அதற்கு மேல் போனால் படம் இருண்டு, மங்கி, பெரிதாகுமே தவிர புதிதாக ஒன்றும் தெரியாது. அதோடு இந்த விலையில் வரும் ட்ரைபாட், ஃபோகஸ் திருகைத் தொட்டாலே ஆடும். நிலாவைப் பிடிப்பதற்குள் பிள்ளைக்கு ஆசையே போய்விடும்.

அதே பணத்தில் 10x50 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மி.மீ.) வாங்கிக் கொடுங்கள். வெறும் கண்ணுக்கு ஆறேழு நட்சத்திரமாகத் தெரியும் கார்த்திகைக் கூட்டம் அதில் பல டஜன் நட்சத்திரமாகத் தெரியும். நிலாவின் பள்ளங்கள் தெரியும். கையைச் சுவரில் ஊன்றிப் பிடித்தால் வியாழனின் நிலாக்களும் தெரியும். சிவப்பாக மின்னும் லென்ஸ் உள்ளதையும், ஜூம் உள்ளதையும் தொடாதீர்கள். கடையிலேயே தெருக்கோடியில் இருக்கும் ஒரு பெயர்ப் பலகையைப் பாருங்கள். எழுத்து இரண்டாகத் தெரிந்தாலோ, கண் இழுப்பது போல இருந்தாலோ வேறு பீஸ் கேளுங்கள்.

சத்துவாச்சாரி: அண்ணா, ஒருவர் 114 மி.மீ. நியூட்டோனியனை (கண்ணாடி வைத்த டெலஸ்கோப்) செகண்ட் ஹேண்டில் தருகிறார். போய்ப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

போய்ப் பார்க்கிறேன் என்று சொன்னீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

முதலில் லேபிளைப் படியுங்கள். 114/900 (முதல் எண் கண்ணாடியின் அகலம், அடுத்தது குவியத் தூரம்) என்று இருந்து, குழாயும் கிட்டத்தட்ட அந்த நீளத்துக்கு இருந்தால் நல்லது. 114/1000 என்று போட்டுவிட்டு குழாய் அரை மீட்டர்தான் இருக்கிறது என்றால், ஃபோகஸருக்குள் ஒரு லென்ஸை ஒளித்து வைத்து குவியத் தூரத்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 127/1000 என்று வருவதிலும் இதே கதைதான். அதைக் கொலிமேட் செய்வது, அதாவது கண்ணாடிகளை ஒன்றுக்கொன்று நேராக வைப்பது, புதியவர்களுக்குப் பெரிய தலைவலி. விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஐபீஸ் செருகும் துளையை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 31.7 மி.மீ. இருக்க வேண்டும். பழைய மாடல்களில் 24.5 மி.மீ. இருக்கும். அதற்கு நல்ல ஐபீஸ் தேடி அலைய வேண்டிவரும்.

கண்ணாடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் எந்தக் கண்ணாடியும் பயங்கரமாகத்தான் தெரியும். தூசிக்குப் பயப்படாதீர்கள். அலுமினியப் பூச்சு ஓரத்தில் உரிந்திருக்கிறதா, கறுப்புப் புள்ளிகள் விழுந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஐபீஸை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடியுங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளைத்து ஓடினால் அது பூஞ்சை.

முடிந்தால் இரவில் போங்கள். பளிச்சென்று இருக்கும் ஒரு நட்சத்திரத்தை ஃபோகஸில் வைத்து, திருகைக் கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே நகர்த்துங்கள். வட்டத்துக்குள் வட்டமாக விரிய வேண்டும். நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் கொலிமேஷன்தான் கெட்டிருக்கிறது, பத்து நிமிட வேலை. முக்கோணமாகத் தெரிந்தால் கண்ணாடியைப் பிடித்திருக்கும் கிளிப் இறுகியிருக்கிறது, தளர்த்தினால் சரியாகும். உள்ளே நகர்த்தும்போது ஒரு திசையில் நீண்டு, வெளியே நகர்த்தும்போது அதற்குக் குறுக்காக நீண்டால் கண்ணாடியிலேயே கோளாறு இருக்கலாம். அதை வாங்க வேண்டாம்.

மவுண்டை, அதாவது குழாயைத் தாங்கித் திருப்பும் பகுதியை, மறந்துவிடாதீர்கள். குழாயின் நுனியை விரலால் தட்டிவிட்டு ஐபீஸில் பாருங்கள். மூன்று விநாடிக்குள் படம் நிற்க வேண்டும். ஐந்தாறு விநாடி ஆடிக்கொண்டே இருந்தால் அந்த டெலஸ்கோப்பை நீங்கள் அதிகம் வெளியே எடுக்க மாட்டீர்கள்.

ஆம்பூர்: ஈக்வடோரியல் மவுண்டோடு வாங்கிவிட்டேன். துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வைக்கச் சொல்கிறார்கள். எனக்கு அது கிடைக்கவே மாட்டேன் என்கிறது.

கிடைக்காதுதான். ஈக்வடோரியல் மவுண்டின் ஓர் அச்சு வானத்தின் வட துருவத்தைப் பார்த்து நிற்க வேண்டும், அதற்குத்தான் துருவ நட்சத்திரத்தைத் தேடச் சொல்கிறார்கள். துருவ நட்சத்திரம் ஓர் ஊரில் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்றால், அந்த ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு. நமக்குக் கிட்டத்தட்ட 13 டிகிரி. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் 10 டிகிரி வரும். அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டிக்குச் சற்று மேலேதான் துருவ நட்சத்திரம். நம் ஊர்களில் வடக்கே ஒரு மலை, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. மீதியை ஊர் வெளிச்சமும் புழுதியும் மறைத்துவிடும்.

கண்ணால் பார்ப்பதற்கு அது தெரிய வேண்டியதே இல்லை. மவுண்டின் அட்சரேகை அளவுகோலை 13-இல் வைத்து இறுக்குங்கள். செல்போன் திசைகாட்டியில் வடக்கைப் பார்த்துத் தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். போனை மவுண்டின் இரும்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், திசை மாறும். நம் பகுதியில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் மிகக் குறைவு, அதனால் இது போதும். மவுண்டின் அச்சை அந்தக் கோட்டோடு சேர்த்துவிட்டால் ஒரு திருகை மட்டும் மெல்லத் திருப்பி சனியைப் பார்வைக்குள்ளேயே வைத்திருக்கலாம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. இந்த மவுண்ட்கள் 40, 50 டிகிரி அட்சரேகை நாடுகளுக்காக அமைந்தவை. 13-க்கு இறக்கினால் அச்சு படுத்துவிடும். எடைக்கல் தண்டு ட்ரைபாட் காலில் இடிக்கும், சில மாடல்களில் அந்த அளவுக்கு இறங்கவே இறங்காது. அதனால்தான் நம் ஊர்க்காரர் யார் கேட்டாலும் டாப்சோனியன் வாங்குங்கள் என்கிறேன். கீழே ஒரு மரப்பெட்டி, மேலே குழாய். தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். ஆறு அங்குல டாப்சோனியன் ஒரு வீட்டுக்குப் பல வருடம் போதும்.

ராணிப்பேட்டை: கோடைக்காலத்தில் வியாழன் கொதிக்கிற தண்ணீருக்குள் இருப்பது போல அலைகிறது. லென்ஸ் கோளாறா?

இல்லை, மொட்டை மாடியின் கோளாறு. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் இரவு பத்து, பதினொன்று வரை சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். பொழுது சாயும்போதே தளத்தில் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். மண் தரையோ புல்லோ இருந்தால் அங்கே வையுங்கள். டெலஸ்கோப்பை முக்கால் மணி நேரம் முன்னதாகவே வெளியே எடுத்து வைத்துக் குளிர விடுங்கள். வேலூர் மே மாதத்தில் நடு இரவுக்குப் பிறகுதான் கோள்கள் அமைதியாகத் தெரியும்.

வாணியம்பாடி: எட்டு அங்குல டாப்சோனியனை விற்க வேண்டும். என்ன விலை சொல்லலாம்? பெங்களூரில் ஒருவர் பார்சலில் அனுப்பச் சொல்கிறார்.

நல்ல நிலையில் இருந்தால் இன்றைய புது விலையில் பாதியிலிருந்து அறுபது சதவீதம் வரை சொல்வது நியாயம் என்பது என் கருத்து. நீங்கள் வாங்கியபோது கொடுத்த விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். விளம்பரத்தில் விட்டம், குவியத் தூரம், வாங்கிய வருடம், கூட வரும் ஐபீஸ்களின் அளவு எல்லாம் எழுதுங்கள். கண்ணாடியின் படத்தை நேர் வெளிச்சத்தில் எடுத்துப் போடுங்கள். ஏதாவது கீறல் இருந்தால் அதைத் தனியாக ஒரு படம். இணையத்திலிருந்து எடுத்த சனிப் படத்தைப் போட்டு விற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். வாங்குபவர் அதையே எதிர்பார்த்து வந்து, ஏமாந்து, இந்தப் பொழுதுபோக்கையே விட்டுவிடுகிறார்.

பார்சல் வேண்டாம். பெங்களூர்க்காரர் நெடுஞ்சாலையில் காரில் வந்துவிடலாம், குழாயைப் பின் சீட்டில் குறுக்கே வைத்துப் போர்வையால் முட்டுக் கொடுத்தால் போதும். வந்தால் பார்த்து, தொட்டு, திருப்தியாக வாங்கிப் போவார், நாளைக்கு உங்களைக் குறை சொல்ல மாட்டார். பார்சல்தான் என்றால் பெரிய கண்ணாடியை அதன் தாங்கியோடு கழற்றி, முகத்தில் எதுவும் படாதபடி தனிப் பெட்டியில் வையுங்கள். ஐபீஸ்களைக் குழாய்க்குள் போட்டு அனுப்பவே கூடாது.

இன்னொன்று: விற்பதற்கு முன்னால் பளபளப்பாக இருக்கட்டும் என்று கண்ணாடியைத் துணியால் துடைத்துவிடாதீர்கள்.

குடியாத்தம், ஓர் ஆசிரியை: பள்ளிக்கு நன்கொடையாக வந்த டெலஸ்கோப்பில் "சன்" என்று எழுதிய சிறிய கறுப்புக் கண்ணாடி இருக்கிறது. ஐபீஸில் திருகிக்கொண்டு சூரியனைக் காட்டலாமா? 2019 கிரகணத்துக்கு வாங்கிய கண்ணாடிகளும் இருக்கின்றன.

டீச்சர், அந்தக் கறுப்புக் கண்ணாடியை இன்றைக்கே உடைத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் அது இருக்கவே கூடாது. லென்ஸ் குவிக்கும் வெப்பம் எல்லாம் சேரும் இடத்தில் அது உட்கார்கிறது. சூடேறி ஒரு நொடியில் விரிசல் விடும், அந்த நொடியில் கண் அங்கே இருக்கும். போன பார்வை திரும்ப வராது.

சூரிய ஃபில்டர் எப்போதும் டெலஸ்கோப்பின் முன் வாயில், முழு அகலத்தையும் மூடும்படி இருக்க வேண்டும். அதற்கென்றே விற்கும் ஃபில்டர் ஷீட்டை நம்பகமான கடையில் வாங்கி, கெட்டியான அட்டை வளையத்தில் ஒட்டி, காற்றில் பறக்காதபடி டேப் போட்டு மாட்டுங்கள். ஒவ்வொரு முறையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஊசித் துளை இருக்கிறதா என்று பாருங்கள். குழாய்மேல் குறி பார்க்க இருக்கும் சின்ன டெலஸ்கோப்பான ஃபைண்டரின் மூடியையும் போட்டுவிடுங்கள், பிள்ளைகள் முதலில் அதில்தான் கண்ணை வைப்பார்கள்.

2019 டிசம்பர் 26-இல் கோவை, திண்டுக்கல் பக்கம் கங்கண கிரகணம், நமக்குப் பகுதி கிரகணம். அப்போது வாங்கிய கண்ணாடிகளில் கீறலோ மடிப்போ இருந்தால் தூக்கிப் போடுங்கள். நல்லதாக இருந்தாலும் வெறும் கண்ணுக்கு மட்டும்தான். அதைப் போட்டுக்கொண்டு பைனாகுலரிலோ டெலஸ்கோப்பிலோ பார்க்கக் கூடாது.

பேரணாம்பட்டு: மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் கண்ணாடியில் திட்டுத் திட்டாக இருக்கிறது. எப்படிச் சுத்தம் செய்வது?

தாங்கி எந்தப் பக்கம் இருந்தது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு கழற்றுங்கள். ரப்பர் பல்பால் தூசியை ஊதுங்கள். பிளாஸ்டிக் தொட்டியில் துண்டு விரித்து, கண்ணாடியை வைத்து, குழாய்த் தண்ணீரை மெல்ல ஓட விடுங்கள். அடுத்து டிஸ்டில்ட் வாட்டரில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரே ஒரு சொட்டு. பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் தண்ணீரே போதும். பஞ்சை அதில் நனைத்துக் கண்ணாடி மேல் போட்டு, அழுத்தாமல், பஞ்சின் எடையிலேயே நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுங்கள். ஒரு இழுப்புக்கு ஒரு பஞ்சு. கடைசியில் டிஸ்டில்ட் வாட்டரை ஊற்றிக் கழுவிச் சாய்த்து நிறுத்துங்கள். நிற்கும் துளிகளை டிஷ்யூவின் முனையால் தொட்டு எடுங்கள். உப்புத் தண்ணீர் வரும் தெரு என்றால் கடைசிக் கழுவலில் கஞ்சத்தனம் கூடாது, வெள்ளைப் புள்ளி நின்றுவிடும்.

இனி பனி படிந்த அன்று மூடி போட்டு மூடாதீர்கள். மின்விசிறிக்கு எதிரே உலர வைத்து, பிறகு சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் வையுங்கள்.

திருப்பத்தூர்: காவலூரில் பெரிய டெலஸ்கோப்பில் பொதுமக்கள் பார்க்கலாமா? ஜவ்வாது மலையில் எங்கே நின்று பார்க்கலாம்?

காவலூர் வைணு பாப்பு ஆய்வகத்தின் 2.34 மீட்டர் டெலஸ்கோப் 1986-இல் திறக்கப்பட்டது. அது ஆராய்ச்சிக்கானது, அதைச் சுற்றிப் பார்க்கத்தான் முடியும். பொதுமக்களுக்குச் சனிக்கிழமை அனுமதி. வானம் தெளிந்திருந்தால் இரவில் ஒரு சிறிய டெலஸ்கோப்பில் காட்டுவார்கள். கிளம்புவதற்கு முன் விசாரித்துவிட்டுப் போங்கள். 1977-இல் யுரேனஸின் வளையங்கள் தெரியவந்தபோது இங்கிருந்த ஒரு மீட்டர் டெலஸ்கோப்பும் அதைப் பதிவு செய்தது. 1988-இல் கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்தார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

நீங்கள் தனியாகப் பார்ப்பதற்கு ஆய்வகத்துப் பக்கம் கார் விளக்கோடு சுற்ற வேண்டாம், அவர்கள் வேலை கெடும். ஆலங்காயத்துக்கு மேலே தெரிந்தவர் நிலம் இருந்தால் கேட்டு நில்லுங்கள். காட்டுப் பாதையில் வனத்துறைக்குத் தெரியாமல் இரவு தங்காதீர்கள்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: அண்ணா, ஸ்மார்ட் டெலஸ்கோப் வாங்கலாமா?

படம் எடுக்கத்தான் ஆசை என்றால் தாராளமாக வாங்கு தம்பி. ஊர் வெளிச்சத்துக்கு நடுவிலும் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தை நிறத்தோடு போனில் காட்டிவிடும். ஆனால் பெரும்பாலான மாடல்களில் கண் வைத்துப் பார்க்க ஐபீஸ் கிடையாது. லென்ஸ் 50 மி.மீ. அளவில் இருப்பதால் கோள்கள் சின்னதாகத்தான் வரும். வாங்குவதற்கு முன் யாருடைய டாப்சோனியனிலாவது ஒரு முறை சனியைப் பார்த்துவிட்டு முடிவு செய். 2025-இல் வளையம் கோடாகத் தெரிந்தது, இனி வருடா வருடம் விரியும்.

வேலூர், ஓய்வு பெற்ற ஒருவர்: வயது 67. கனம் தூக்க முடியாது, முதுகு வலி. எனக்கு ஏதாவது வழி உண்டா?

உண்டு ஐயா. 10x50 பைனாகுலர், ஒரு சாய்வு நாற்காலி. கைப்பிடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டால் படம் ஆடாது. நம் அட்சரேகையில் வடக்கு வானமும் தெரியும், தெற்கும் நிறையத் தெரியும். மே மாதம் இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தெற்கே திரும்பி உட்காருங்கள். தாழ்வாக, 17 டிகிரி உயரத்தில் தென் சிலுவை. அதற்கு மேலே இடப்பக்கமாக, சுமார் 30 டிகிரியில், பஞ்சு உருண்டை மாதிரி மங்கலாக ஒன்று தெரிந்தால் அது ஒமேகா செண்டாரி, லட்சக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம். ஐரோப்பாவின் பெரும்பகுதியிலிருந்து அதைப் பார்க்கவே முடியாது. கை நடுங்கினால் பைனாகுலரை ட்ரைபாடில் மாட்டும் எல் வடிவ அடாப்டர் கேமரா கடையில் கிடைக்கும். வாங்கும்போது பைனாகுலரின் நடுத்தண்டு முனையில் சின்ன மூடி இருக்கிறதா, அதைத் திறந்தால் திருகுத் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எல்லா மாடலிலும் அது இருக்காது.