பழைய வின்பிளாட் வரைபுகளைக் காப்பாற்றுவது எப்படி?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். முன்னிருந்த சேர் வின்பிளாட் என்ற வரைபு வரையும் மென்பொருளில் வரைந்த வரைபுகள் ஆய்வுகூடத்துப் பழைய கணனியில் கிடக்கின்றன. கணனி எப்போது நிற்குமோ தெரியாது. புது மடிகணனிக்கு மாற்றலாமா?

பதில்: மாற்றலாம் ரீச்சர். இந்தத் தவணை முடிவதற்குள் செய்துவிடுங்கள்.

வின்பிளாட் ஒரு தனி மனிதரின் உழைப்பு. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள பிலிப்ஸ் எக்ஸெற்றர் அக்கடமியின் கணித ஆசிரியர் ரிச்சர்ட் பாரிஸ், 1980களில், விண்டோஸுக்கு முந்திய டொஸ் இயங்குதளக் கணனிக்கு 'பிளாட்' என்ற பெயரில் எழுதியது. விண்டோஸ் 3.1 வந்தபின் வின்பிளாட் ஆனது. இலவசமாகவே கொடுத்தார், பல நாட்டு ஆசிரியர்கள் தங்கள் மொழிகளுக்கு மாற்றிக்கொண்டார்கள். 2012இல் அவர் காலமானார், வளர்ச்சியும் அதோடு நின்றது. இணையம் இழுபடும் வன்னிப் பாடசாலைகளுக்கு, நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் இப்படியொரு மென்பொருள் பெரிய கொடை என்றே நினைக்கிறேன்.

முதலில் வின்பிளாட் கோப்புறையை முழுதாகக் கொப்பி பண்ணுங்கள். 32 பிட் பதிப்பு இன்றைய விண்டோஸிலும் பெரும்பாலும் திறக்கும். அதற்கும் பழைய 16 பிட் பதிப்பு 64 பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது. கண்ட கண்ட தளங்களில் இறக்காதீர்கள். வைரஸும் சேர்ந்து வரும்.

கோப்புப் பெயரின் முடிவில் டபிள்யூபி2 (wp2) என்றிருந்தால் இருபரிமாண வரைபு, டபிள்யூபி3 (wp3) என்றிருந்தால் முப்பரிமாணம். புது மடிகணனியில் இவற்றைத் திரும்ப வரைய ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் உதவும், ஆனால் அது இந்தக் கோப்புகளைத் திறக்காது. ஆகவே சமன்பாடுகளை எழுதி எடுக்கத்தான் வேண்டும். கோப்பைத் திறந்தால் 'இன்வென்டரி' பெட்டியில் சமன்பாடுகள் வரிசையாக இருக்கும். ஒன்றைத் தெரிந்து 'எடிட்' அழுத்துங்கள். அங்கே வரைபை ஓர் ஆயிடைக்குள் மட்டும் நிறுத்தும் 'லாக் இன்டர்வல்' சரி போடப்பட்டிருந்தால், கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் மறக்காமல் குறியுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான்: துண்டு துண்டாக வரையறுத்த சார்பு, எல்லை இல்லாமல் திரை முழுக்க நீண்டு, பிள்ளைகளைக் குழப்பிவிடும். ஜியோஜீப்ராவில் 'ஃபங்ஷன்' கட்டளைக்குள் சார்பையும் இரு எல்லைகளையும் கொடுத்தால் சரியாக வரும்.

ஜியோஜீப்ரா 2001இல் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் ஆஸ்திரியாவின் சால்ஸ்பேர்க்கில் தொடங்கியது. அதில் 'கிளாசிக் 5' பதிப்பை எடுங்கள். ஒருமுறை இறக்கினால் இணையம் இல்லாமலே வேலை செய்யும்.

எழுதி எடுத்த சமன்பாடுகளைச் சாதாரண எழுத்துக் கோப்பாகவும் ஒரு பிரதி வையுங்கள். அதை எந்தக் கணனியும் திறக்கும்.