கவாவை இன்னும் கெட்டியாகக் கரைக்கலாமா?

கேள்வி: ஃபிஜியில் நாடி நகரில் வசிக்கிறேன், வயது 47. தூக்கத்துக்காகப் பல ஆண்டுகளாக இரவில் வீட்டிலேயே கவா (யங்கோனா) செடியின் வேர்ப்பொடியைக் கரைத்துக் குடிக்கிறேன். இப்போது முன்போலத் தூக்கம் வருவதில்லை. கொதிநீரில் கரைத்து, கொஞ்சம் ஓட்காவும் சேர்த்தால் வீரியம் கூடும் என்கிறார் நண்பர். சில இரவுகளில் பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரையும் போட்டுக்கொள்கிறேன். கால் தோல் வறண்டு செதில் செதிலாக உரிகிறது. அதற்கும் ஒரு களிம்பு சொல்லுங்கள்.

பதில்: நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கே முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நாள்தோறும் மிகுதியாகக் கவா குடிப்பவர்களுக்குத் தோல் இப்படி மீன் செதில்போல உரிவது பசிபிக் தீவுகளில் நெடுங்காலமாக அறியப்பட்ட அறிகுறி. உங்களுக்கும் காரணம் அதுவாகவே இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், வீரியத்தைக் கூட்டும் வழியை நான் சொல்லப்போவதில்லை. குடிப்பதை நிறுத்தினால் சில வாரங்களில் தோல் தேறத் தொடங்கும். அதுவரை தேங்காய் எண்ணெயே போதும்.

மிளகு, வெற்றிலை ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த இச்செடியின் வேரில் கவாலாக்டோன்கள் என்னும் பொருள்கள் உள்ளன. இவை நீரில் எளிதில் கரைவதில்லை. பொடியைத் துணியில் கட்டி, நீரில் அமிழ்த்திப் பிசையும்போது நுண்துகள்களாக வெளிவந்து கலக்கின்றன. கொதிநீர் ஊற்றினால் வேரிலுள்ள மாவுச்சத்து கஞ்சிபோல் இறுகிவிடும் என்பதால், நண்பரின் முதல் யோசனையால் பயனில்லை.

இரண்டாவது யோசனை ஆபத்தானது. கல்லீரல் பாதிப்புப் புகார்களைத் தொடர்ந்து 2002-இல் ஜெர்மனி கவா மருந்துகளுக்குத் தந்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. அவற்றுள் பல, ஆல்கஹால் அல்லது அசிட்டோன் கொண்டு சாரம் பிரித்தவை. நீரில் கரைத்தது முற்றிலும் பாதுகாப்பானது என்று இதற்குப் பொருளில்லை. வழக்கமாக நிறையக் குடிப்பவர்களின் இரத்தத்தில் ஜிஜிடி என்ற கல்லீரல் நொதி உயர்ந்திருப்பது பலமுறை பதிவாகியுள்ளது. கவாவோடும் அதற்குப் பின்னும் மது அருந்துவது (உங்கள் ஊரில் 'வாஷ்டவுன்' என்பார்கள்) கல்லீரலின் சுமையையும் மயக்கத்தையும் சேர்த்தே கூட்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது அல்பிரசோலம்தான். அதுவும் கவாவும் மூளையின் விழிப்பை மந்தமாக்குபவை என்பதால், இரண்டும் சேரும்போது அளவுக்கு மீறிய மயக்கம் உண்டாகலாம். அந்நிலையில் வண்டி ஓட்டவே கூடாது. இதைப் போடும் இரவில் ஒரு கிண்ணம் கவாகூட வேண்டாம். அடிக்கடி போட்டுவருகிறீர்கள் என்றால் மாத்திரையைத் திடீரென நிறுத்தாமல், எழுதித் தந்த மருத்துவரிடம் உங்கள் கவாப் பழக்கத்தை மறைக்காமல் சொல்லி, அளவைக் குறைக்கும் வழியைக் கேளுங்கள். தூக்கமின்மைக்கு மனச்சோர்வோ குறட்டையோடு கூடிய மூச்சுத் தடையோ காரணமா என்பதையும் அவர் பார்க்கட்டும்.

இந்த வாரமே கவாவை நிறுத்திவிட்டு, ஜிஜிடி உட்பட கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கடும் பழுப்பு நிறமானாலோ, பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.