சந்திரா பாதரும் ஹேபியர் பாதரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புளியந்தீவு மரியாள் கோயிலில் திருமணம் முடித்த எங்கள் அம்மம்மா, பழைய கதை பேசும்போதெல்லாம் சந்திரா பாதர், ஹேபியர் பாதர் என்று இருவரையும் சேர்த்தே சொல்வார். இருவரும் அக்கோயிலின் பங்குத்தந்தையர்களா? அவருடைய நினைவுகளை எழுதிவைக்க விரும்புகிறேன், எங்கிருந்து தொடங்கலாம்?
(வாசகி, தாண்டவன்வெளி)

பதில்: இல்லை, ஈராண்டுகளுக்குச் சற்றுக் கூடிய இடைவெளியில் இருவரையும் இழந்ததால், மட்டக்களப்பு மக்கள் அவர்களைச் சேர்த்தே நினைக்கப் பழகிவிட்டார்கள்.

மரியாள் கோயிலின் பங்குத்தந்தையாக இருந்தவர் சந்திரா பெர்னாண்டோ அடிகளார். பிரஜைகள் குழுவின் தலைவராகவும் இருந்த அவர், பூசையோடு தம் கடமை முடிந்ததென்று எண்ணாமல், பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களென்று வருவோருக்காகக் குரல்கொடுத்தார். 1988 ஜூன் 6ஆம் திகதி அந்தக் கோயிலிலேயே அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

யூஜின் ஜோன் ஹேபியர் அடிகளார் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலிருந்து வந்த இயேசு சபைத் துறவி. புனித மிக்கேல் கல்லூரியில் அவரிடம் கூடைப்பந்து பழகிய இந்து, முஸ்லிம் மாணவர்களும் அவரைத் தம்மவராகவே கொண்டாடினார்கள் என்பதால், அவருடைய கதையைக் கோயிலுக்குள் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். 1990இல் போர் மீண்டும் மூண்டிருந்த நாட்களில், வாழைச்சேனையில் அகப்பட்டவர்களுக்கு உதவச் சென்றவர், மரியன்னையின் விண்ணேற்பு விழா நாளான ஆகஸ்ட் 15ஆம் திகதி வெஸ்பா ஸ்கூட்டரில் ஏறாவூர் வழியாக மட்டக்களப்புக்குத் திரும்பும்போது காணாமற்போனார். அவருக்குக் கல்லறை கிடையாது. உடன் சென்ற பேர்ட்ரம் பிரான்சிஸ் என்ற இளைஞரும் திரும்பவில்லை. அடிகளாரைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் இவர் பெயரை விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி எழுதும் விடயம். அம்மம்மாவிடம் ஆண்டைக் கேட்காதீர்கள். கொடியேற்றத்தையும், பெரிய வியாழனையும், ஆயித்தியமலை சதாசகாய அன்னையின் திருவிழாவுக்கு யாரோடு நடந்து போனார் என்பதையும் கேளுங்கள். நம் முதியவர்களுக்குக் காலம் திருநாட்களில்தான் நிற்கிறது. பூசை இலத்தீனில் நடந்த நாட்கள் அவருக்கு நினைவிருந்தால், அது 1960களின் நடுப்பகுதிக்கு முந்தியது என்று நீங்களே கணித்துக்கொள்ளலாம். பிறகு, பங்குத்தந்தையிடம் அனுமதி பெற்று ஞானஸ்நானப் பதிவேட்டையும் திருமணப் பதிவேட்டையும் பாருங்கள். ஒவ்வொரு பதிவிலும் திருவருட்சாதனத்தை நிறைவேற்றிய குருவின் பெயர் இருக்குமாதலால், குடும்பத்தில் யாருக்கு எந்தச் சுவாமி தண்ணீர் வார்த்தார் என்று அம்மம்மா சொல்வதை அங்கே ஒப்பிட்டுவிடலாம். மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானது 2012இல்தான். அதற்கு முந்திய ஆயரில்லக் கடிதங்களில் திருகோணமலை மட்டக்களப்பு மறைமாவட்டம் என்றும், 1967க்கு முந்தியவற்றில் திருகோணமலை என்று மட்டுமே இருப்பதையும் கண்டு குழம்ப வேண்டாம்.

அவர் சொல்வது பதிவேட்டோடு பொருந்தாத இடத்தில் அவரைத் திருத்தாமல் இரண்டையும் எழுதிவையுங்கள். சந்திரா பாதரின் பிரசங்கத்தை விட, அவர் வீட்டுக்கு வந்தபோது எங்கே அமர்ந்தார், எதைக் குடித்தார், யாரை எப்படி அழைத்தார் என்பவற்றை முதலில் கேளுங்கள். இவை எந்தப் பதிவேட்டிலும் கிடையா.